மறு: கலைச்சொல் வேண்டும் – விமானத்தில் ‘கிரவுண்ட் லூப்’

> கையேட்டின் மின்பகுதி முடிந்துவிட்டது. ‘கிரவுண்ட் லூப்’புக்குத் ‘தரை வளையம்’ என்று போட்டிருக்கிறேன். இதை மட்டும் உறுதிசெய்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

தம்பி, கொடுத்துவிடாதீர்கள்.

‘தரை வளையம்’ என்று படித்ததும், நீங்கள் சொல்லவரும் மின்கோளாறோ அதனால் ஹெட்செட்டில் வரும் இரைச்சலோ எனக்கு நினைவுக்கு வரவில்லை. வால்சக்கர விமானம் ஒன்று ஓடுதளத்தில் பம்பரம்போல் திரும்பி, இறக்கை நுனியைத் தரையில் தேய்த்து நிற்கும் காட்சிதான் வந்தது. ஆங்கிலத்தில் அதற்கும் இதே பெயர். எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சற்றே கோணினாலும் கோணல் தானாக வளர்ந்துகொண்டே போகும். அதனால் வருவது அது. நம் கையேடு வால்சக்கர விமானத்துக்கானது. இருபதாம் பக்கத்தில் ‘தரை வளையத்தைத் தவிர்க்கக் காலால் சுக்கானை அழுத்து’ என்றும், ஐம்பதாம் பக்கத்தில் ‘தரை வளையத்தைத் தவிர்க்க வாஷர் போடு’ என்றும் இருந்தால் படிப்பவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

அந்த மின்கோளாறோடு நான் மூன்று வாரம் குடும்பம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். குன்னூரில், முன்பு தேயிலை மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில் நாங்கள் மூவர் ஓர் இருவர் விமானம் கட்டி வருகிறோம். கண்ணாடியிழை உடல், அலுமினியக் கருவிப்பலகை. (எங்கே பறக்கவிடுவீர்கள் என்று கேட்காதவர் இல்லை. இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சமவெளிக்குத்தான் போக வேண்டும்.) எஞ்சினை முதன்முதலில் ஓட்டிப் பார்த்த அன்று ஹெட்செட்டில் ஒரு சன்னமான ஊளை. எஞ்சின் வேகம் ஏற ஏற ஊளையின் சுருதியும் ஏறியது. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று எல்லோரும் சொன்னோம். மின் இரைச்சலுக்கான வடிகட்டி வாங்கிப் போட்டோம்; ஊளை அசையவில்லை. கடைசியில் ஒருநாள் எரிச்சலில், ஹெட்செட்டைச் செருகும் ஜாக்கைக் கருவிப்பலகையிலிருந்து கழற்றிக் கம்பியோடு கையில் தொங்கவிட்டேன். நின்றுவிட்டது. பலகையில் தொட்டால் ஊளை, எடுத்தால் அமைதி.

நடந்தது இதுதான். ஜாக்கின் வெளியுறை பலகையின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதே வெளியுறை, உறையிட்ட கம்பி வழியாக, உள்ளிருக்கும் இருவரும் பேசிக்கொள்ளும் இன்டர்காமுக்கும் போகிறது. ஆக, பேட்டரிக்குத் திரும்ப மின்னோட்டத்துக்கு இரண்டு வழிகள். எரிபொருள் பம்பும் விளக்குகளும் பயன்படுத்திய மின்னோட்டம் பலகை வழியாகத் திரும்பும்போது, பலகையின் இரு முனைகளுக்கு இடையே சில பத்து மில்லிவோல்ட் வேறுபாடு எழுகிறது. விளக்குக்கு அது ஒன்றுமில்லை. ஒலிச்சுற்றுக்கு அது ஊளை. ஜாக்குக்கும் பலகைக்கும் நடுவே நைலான் வாஷர்கள் போட்டு, கம்பியின் உறையை இன்டர்காம் பக்கம் மட்டும் இணைத்தோம். அவ்வளவுதான். வடிகட்டிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

இப்போது சொல்லுக்கு வருவோம். இதில் ‘தரை’ எங்கே இருக்கிறது? இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டு, தகடு புதைத்து, கோடையில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அது புவியிணைப்பு. வானத்தில் போகும் வண்டிக்கு அந்தக் குழி கிடையாது. கார் மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்கிறார்கள். இரும்பு உடலே திரும்பும் பாதை என்பதால் அவர்களுக்கு அது சரி. எங்கள் விமானத்தின் உடல் மின்சாரம் கடத்தாது. போன மாதம் இந்தக் கலைச்சொல் குழுவில் ஒருவர் முன்மொழிந்த ‘உடலிணைப்பு’ அதனாலேயே விழுந்துவிடுகிறது. (அந்தச் சொல்லைக் கையேட்டில் போட்டால் வேறு காரணத்துக்காகவும் விழும்.)

என் முன்மொழிவு: மின்னோட்டம் திரும்பி வரும் பாதை மீள்வழி. எல்லா மீள்வழிகளும் வந்து சேரும் பித்தளைத் தகடு மீள்முனை. எங்களுடையது தீச்சுவரில் இருக்கிறது. கணினிக்காரர்களின் தீச்சுவர் அல்ல, எஞ்சினுக்கும் எங்கள் முழங்காலுக்கும் நடுவே உண்மையாகவே தீயைத் தடுக்கும் எஃகுத் தகடு. அறியாமல் விழுந்த இரண்டாவது வழியால் வரும் கோளாறு மீள்வழிக் கண்ணி. விமானம் சுழன்று நிற்பதற்குத் ‘தரைச்சுழல்’ இருக்கட்டும். அங்கே தரை உண்மையிலேயே இருக்கிறது.

இன்னொன்று. அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஆன்டெனாவுக்கு அடியில் ‘தரை விமானம்’ ஒட்டச் சொல்கிறீர்கள். ‘கிரவுண்ட் பிளேன்’ என்பதில் உள்ள பிளேன் பறப்பதல்ல, தம்பி. அது தளம்.

குன்னூரிலிருந்து

---

> வானத்தில் போகும் வண்டிக்கு அந்தக் குழி கிடையாது.

ஐயா, வணக்கம். ‘தரை விமான’த்தைப் படித்துப் பள்ளி ஆசிரியர் அறையே சிரித்தது. ஆனாலும் எனக்கு ஓர் ஆட்சேபம். ‘புவியிணைப்பு’ பாடநூலில் ஊன்றிய சொல். ஆங்கிலேயர் எர்த் என்கிறார்கள், அமெரிக்கர் கிரவுண்ட் என்கிறார்கள். இருவருமே மண்ணைத்தான் சொல்கிறார்கள். விமானத்தில் மண் இல்லையே என்று அவர்கள் கவலைப்படவில்லை. சொல் என்பது பொருளின் புகைப்படம் அல்லவே. மாணவர் ஏற்கெனவே அறிந்த சொல்லைப் பறித்துவிட்டு மூன்று புதிய சொற்களைக் கையில் கொடுப்பது நியாயமா?

உதகையிலிருந்து

---

> சொல் என்பது பொருளின் புகைப்படம் அல்லவே.

அம்மா, ஒப்புக்கொள்கிறேன். மண் இல்லை என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நானும் புவியிணைப்போடு நின்றிருப்பேன். சிக்கல் வேறு. அதே விமானத்தில் உண்மையான புவியிணைப்பும் ஒன்று உண்டு. எரிபொருள் நிரப்பும் முன் நிலைமின்னைக் கழிக்க, விமானத்திலிருந்து ஒரு கம்பியைத் தரையில் பதித்த முனையில் மாட்டுகிறோம். மாட்ட மறந்தால் பொறி பறக்கலாம். பெட்ரோல் ஆவிக்கு அருகே பொறி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘புவியிணைப்பைச் சரிபார்’ என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் பலகைக்குப் பின்னால் குனிவாரா, பெட்ரோல் தொட்டிப் பக்கம் போவாரா? ஆங்கிலத்துக்கு அந்தக் குழப்பம் பழகிவிட்டது. நாம் புதிதாகச் செய்யும் சொல்லில் அதையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? பாடநூல் சொல்லைப் பறிக்கவில்லை. அதற்கு உரிய இடத்தில், எரிபொருள் பக்கத்தில், அப்படியே வைக்கிறேன்.

---

> மீள்வழிக் கண்ணி

மீள்வழியும் மீள்முனையும் எனக்குச் சம்மதம். ‘கண்ணி’ ஏன்? ‘வளையம்’ போதாதா? கண்ணி என்றால் கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது. ‘தரை விமானம்’ என் தவறு, மன்னிக்கவும். அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள் ஐயா.

கோத்தகிரியிலிருந்து

---

தம்பி, வளையம் என்பது வடிவம்; யாரும் வேண்டுமென்றே செய்யலாம். கோத்தகிரிக்காரருக்கு நான் விளக்க வேண்டுமா? தோட்டத்து ஓரத்தில் காட்டுப்பன்றிக்குத் திருட்டுத்தனமாகக் கம்பி வைக்கிறார்களே, கால் மாட்டும்வரை கண்ணுக்குத் தெரியாது. எனக்கு மூன்று வாரம் தெரியவில்லை. கண்ணிவெடி நினைவுக்கு வந்தாலும் வரட்டும். தேடும்போது கவனம் கூடும்.

ஆன்டெனா விஷயம்: விமான வானொலியின் அலைநீளம் ஏறத்தாழ 2.4 மீட்டர் என்பதால் ஆன்டெனா அதில் கால்பங்கு, 60 சென்டிமீட்டர். உலோக உடலாக இருந்தால் அதுவே மீதி வேலையைச் செய்யும். கண்ணாடியிழையில் நாம் செம்புப் பட்டைகளை அதே நீளத்துக்கு நாலு பக்கமும் உள்ளே ஒட்டுகிறோம். அந்தத் தளம் ஆன்டெனாவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் நின்று, அடியில் இன்னொரு கால்பங்கு இருப்பதாகக் காட்டுகிறது. குவியாடி, குழியாடி என்று பள்ளியில் படித்தோமே, அதே ‘ஆடி’. ஆடித்தளம் என்று போடுங்கள். ‘அடித்தளம்’ என்று அச்சுக்கோப்பவர் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிடங்குக்கு வரும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மீள்முனைத் தகட்டில் எழுதித் தரச் சொன்னேன், எழுதினார். பிறகு பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு உதவியாளரிடம், “அந்த ரிட்டன் கண்ணி இன்னும் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்” என்றார்.