மெத்தனாலை டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்றுவது: இப்படிச் செய்வது சரியா?

புது_ஸ்டோர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில் மூன்று மாதமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். படித்தது வணிகவியல், அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு 200 லிட்டர் இரும்பு டிரம்மில் மெத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) வருகிறது. அதை 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் பிடித்து உற்பத்திப் பக்கம் அனுப்ப வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் காட்டிக்கொடுத்த முறை இதுதான்: டிரம்மை மேடையில் ஏற்றி, உள்ளே ஒரு டியூபை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, வர ஆரம்பித்ததும் சட்டென்று கேனுக்குள் விட்டுவிடுவது. "வாய்க்குள் வந்தால் துப்பிடு, சாராயம்தானே" என்றார். இரண்டு முறை செய்தேன், ஒரு முறை நாக்கில் பட்டுத் துப்பிவிட்டேன்.

முந்தாநாள் ஐந்து கேன் தொடர்ந்து பிடித்தேன், சாயங்காலம் நல்ல தலைவலி. அதற்கப்புறம்தான் டிரம்மின் லேபிளை உட்கார்ந்து பார்த்தேன். தீச்சுவாலை, மண்டையோடு, அப்புறம் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனித உருவம். வயிறு கலங்கிவிட்டது. கரி போட்ட மாஸ்க் வாங்கிப் போட்டுக்கொண்டால் போதுமா? தண்ணீர் கலந்துவிட்டால் எரியாது என்கிறார்கள், உண்மையா? வேறு என்ன செய்ய வேண்டும்?

இரவு_வார்டு:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த டியூபை வாயில் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நான் செவிலியர், அதனால் உடம்புப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மெத்தனால் 10 மில்லி உள்ளே போனாலே பார்வை போகலாம், 30 மில்லியில் உயிர் போனவர்கள் உண்டு. பெரிய ஆளின் ஒரு வாய் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு அளவுக் கோப்பையில் துப்பிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த 30 மில்லிதான் இருக்கும். உறிஞ்சும்போது இருமல் வந்தாலோ, யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டாலோ போதும்.

இதில் மோசமான விஷயம், குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் போதை, கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது, எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம். அது ரத்தத்தில் சேரச் சேர, உயிரணுக்களால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகிறது, முதலில் அடிவாங்குவது கண் நரம்பு. இதற்கெல்லாம் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் கல்லீரல் மதுவில் இருக்கும் எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். எங்கள் வார்டுக்கு ஒருவர் தன் காலால் நடந்து வந்தார், நன்றாகப் பேசினார், "ஏம்மா எல்லாமே பனி மூடின மாதிரி வெள்ளையா இருக்கு" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் குடித்தது முந்தைய நாள் மாலை.

சிகிச்சை இருக்கிறது: ஃபோமெபிசோல் என்ற ஊசி, அது இல்லாத இடத்தில் அளந்து கொடுக்கும் எத்தனால், தேவைப்பட்டால் டயாலிசிஸ். உடனே யாராவது "அப்போ ஒரு குவார்ட்டர் அடிச்சா சரியாயிடும்" என்று எழுத வருவார்கள், தயவுசெய்து வேண்டாம். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது, வீட்டில் குடித்துப் படுத்தால் அறிகுறி தள்ளிப்போகும், விஷம் உள்ளேயே இருக்கும்.

நாக்கில் பட்டு, துப்பி, நாளும் கடந்து, கண் தெளிவாக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டியது குறைவுதான். இருந்தாலும் ஒரு மருத்துவரைப் பாருங்கள், "ஏதோ கெமிக்கல்" என்று சொல்லாமல் மெத்தனால் என்று பேர் சொல்லிச் சொல்லுங்கள்.

பழைய_வால்வு:

தம்பி, இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்தவன் சொல்கிறேன். அந்த முறையைக் காட்டிக்கொடுத்தவருக்கு இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம், அது முறை ஆகாது. டிரம் வாயில் திருகி மாட்டுகிற கைப்பம்ப் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். மெத்தனாலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும், உள்ளே அலுமினியம் இருக்கக் கூடாது, ஏனென்றால் மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும், சில ரப்பர் வாஷர்களையும் ஊதவைத்துவிடும். காற்றழுத்தம் கொடுத்து டிரம்மிலிருந்து தள்ளுவது என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள், காது கொடுக்காதீர்கள், டிரம் அதற்காகச் செய்தது இல்லை.

எர்த்திங் இல்லாமல் ஒரு சொட்டுகூட மாற்றாதீர்கள். டிரம்மிலிருந்து தரைக்கு ஒரு ஒயர், டிரம்மிலிருந்து நிரப்புகிற பாத்திரத்துக்கு ஒரு ஒயர். கிளிப் பெயின்ட் மேல் உட்கார்ந்தால் பிரயோஜனம் இல்லை, இரும்பைச் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் கேனுக்கு ஒயர் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் ஒன்றுதான், அதனால் முடிந்தால் உலோகப் பாதுகாப்புக் கேனுக்கு மாறுங்கள். குழாய் கேனின் அடிவரை போகட்டும், மெதுவாக ஊற்றுங்கள், மேலிருந்து சளசளவென்று விழவிட்டால் அதுவே மின்னேற்றம் உண்டாக்கும், அது தீப்பொறியாகத் தெறித்தால் ஆவி பற்றிவிடும்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. மெத்தனால் ஆவி காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றும். பெட்ரோலுக்கு இது ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து ஏழரை வரைதான். மூடின பெட்ரோல் டேங்குக்குள் சாதாரண வெப்பத்தில் ஆவி அடர்த்தி அதிகமாகி, காற்று போதாமல், உள்ளே பற்றாது. மெத்தனால் டிரம்முக்குள் 20 டிகிரியில் ஆவி ஏறக்குறைய 12, 13 சதவீதம் நிற்கும், அதாவது பற்றுகிற அளவுக்கு உள்ளேயே. கணக்குப் போட்டால் சுமார் 10 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை டிரம்முக்குள் திரவத்துக்கு மேலே இருக்கும் காலி இடமே வெடிக்கத் தயாராக இருக்கிறது. நாம் வேலை செய்வது எல்லாமே அந்த வெப்பத்தில்தான்.

காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், வாசனை வந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

ஆய்வகப்_பூனை:

வால்வு அண்ணன் சொன்னதில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன், கோபிக்க வேண்டாம். வாசனையை நம்பாதீர்கள். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 200 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 200 பங்கு ஆவி), ஆனால் பலருடைய மூக்குக்கு அந்த அளவில் மெத்தனால் தெரியவே தெரியாது, தெரிந்தாலும் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். அவர் சொன்ன 12 சதவீதத்தையே பிபிஎம்மில் எழுதினால் ஒரு லட்சத்து இருபதாயிரம். திறந்த டிரம் வாயில் குனிந்து எட்டிப்பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். உங்கள் தலைவலிக்கும் பெரும்பாலும் அந்தக் குனிதல்தான் காரணம். அளவு குச்சி வைத்துப் பாருங்கள், முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள்.

கரி மாஸ்க் போதாது. மெத்தனால் மூலக்கூறு சின்னது, சீக்கிரம் ஆவியாவது, கரியில் ஒட்டி நிற்காமல் கடந்து வந்துவிடும். ஆவி அதிகமாக வரும் இடத்தில் வெளியிலிருந்து காற்றுக் குழாய் வரும் முகமூடிதான் சரி. ஆனால் அது வரைக்கும் போக வேண்டிய நிலையே வராதபடி மூடின பம்பும் எக்ஸாஸ்ட் காற்றோட்டமும் இருந்தால் வேலை முடிந்தது. எக்ஸாஸ்ட் என்றதும் சாதாரண ஃபேனை மாட்டிவிடாதீர்கள், அதன் மோட்டாரும் சுவிட்சுமே தீப்பொறி. தீப்பொறி வெளியே வராத வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

கையுறைக்கு பியூட்டைல் ரப்பர். ஆய்வகத்தில் நாங்கள் போடும் மெல்லிய நீலநிற நைட்ரைல் சில நிமிடங்களே தாங்கும், தெறித்தால் உடனே கழற்றி எறிய அது பரவாயில்லை, பிடித்துக்கொண்டு வேலை செய்ய உதவாது. மெத்தனால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கை கழுவ, கறை துடைக்க இதை எடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், தோல் வெள்ளை பூத்து வெடிக்கும், அது வெளியே தெரிகிற பங்கு மட்டும். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும்.

நுரைக்குழாய்:

தீயணைப்புப் பயிற்சி கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு நாள் மதியம் வெயிலில் தட்டில் கொஞ்சம் மெத்தனால் ஊற்றிப் பற்றவைத்தோம். பயிற்சிக்கு வந்த ஒருவர் "சார், அணைஞ்சு போச்சு" என்று தட்டை எடுக்கக் கை நீட்டினார். நான் பக்கத்தில் கிடந்த காய்ந்த துடைப்பக் குச்சியை மேலே காட்டினேன், குபீரென்று பிடித்தது. புகை இல்லை, மஞ்சள் இல்லை, வெளிர்நீலச் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில் எரிபொருள் நிரப்பும்போது ரிக் மியர்ஸ் என்ற ஓட்டுநர் மேல் மெத்தனால் கொட்டிப் பற்றியது, அவர் எரிந்துகொண்டிருப்பதே சுற்றி இருந்தவர்களுக்கு உடனே புரியவில்லை. முகத்தில் காயத்தோடு பிழைத்தார்.

ஆகவே பற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கையை நீட்டாதீர்கள், தள்ளி நின்று பின்னால் இருக்கும் பொருள் அலைபாய்கிறதா என்று பாருங்கள். மிச்சச் சுவாலை தெரியாமல் பாட்டிலிலிருந்து மேலும் ஊற்றப்போய், தீ பாட்டிலுக்குள் புகுந்து பீறிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்கள் மேல் பாய்ந்த விபத்துகள் பள்ளிச் செயல்விளக்கங்களில் நடந்திருக்கின்றன.

தண்ணீர் கேள்விக்கு: பாதி உண்மை. முழுசாகக் கரையும், அதனால் நிறைய தண்ணீர் அடித்தால் அணையும். ஆனால் நாலில் ஒரு பங்கு மெத்தனால் இருக்கும் கலவைகூட எரியக்கூடியதுதான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் எரிகிற குட்டை பெரிதாகித் தரையெங்கும் ஓடும், அவ்வளவுதான் நடக்கும். சிந்தினதைக் கழுவிச் சாக்கடையில் தள்ளுவதும் கூடாது, அங்கே ஆவி தேங்கி நிற்கும். சின்ன தீக்கு உலர் தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு. பெரிய தீக்கு நுரை என்றால் ஆல்கஹால் தாங்கும் வகை என்று சிலிண்டரிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள், சாதாரண நுரையிலிருந்து மெத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், நுரை உட்கார்ந்துவிடும்.

புது_ஸ்டோர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தேன், கண் பரிசோதித்தார், ஒன்றும் இல்லை என்றார். இந்த பதில்களை அச்செடுத்து சூப்பர்வைசர் மேசையில் வைத்தேன், முதலில் சிரித்தார், துடைப்பக் குச்சி கதை வரை வந்ததும் சிரிப்பு நின்றது. கைப்பம்புக்கும் எர்த்திங் ஒயருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு கேள்வி பாக்கி: பின்னால் மூன்று காலி டிரம் கிடக்கிறது. வெல்டர் அதை நடுவே வெட்டிக் குப்பைத்தொட்டி செய்துதருகிறேன் என்கிறார். காலிதானே, செய்யலாமா?

பழைய_வால்வு:

கூடவே கூடாது. முழு டிரம்மில் ஆவிக்கு இருக்கும் இடம் மேலே நாலு விரல்தான், காலி டிரம்மில் 200 லிட்டரும் ஆவி. அடியில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தால் போதும். 2006 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு கழிவுநீர் நிலையத்தில் மெத்தனால் தொட்டிக்கு மேலே இருந்த கூரையை கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். தொட்டியைத் தொடவே இல்லை. காற்றுப்போக்கியிலிருந்து வந்த ஆவி பற்றியது. தீ உள்ளே போகாமல் தடுக்க அங்கே ஒரு சுவாலைத் தடுப்பான் இருந்தது, ஆனால் அதன் உள்பாகம் அலுமினியம், வருடக்கணக்கில் மெத்தனால் தின்று ஓட்டையாக்கி வைத்திருந்தது. தீ தொட்டிக்குள் போனது. இரண்டு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

மூடியை இறுக்கி, லேபிளைக் கிழிக்காமல், வெயில் படாத இடத்தில் தள்ளி வைத்து, சரக்கு கொடுத்தவருக்கே திருப்பி அனுப்புங்கள். வெல்டரிடம் நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

புது_ஸ்டோர்ஸ்:

சொல்லிவிட்டேன். "தண்ணி ஊத்தி அலசிட்டு வெட்டறேன்" என்றார், 25 சதவீதக் கணக்கை அவருக்கும் காட்டினேன். மூன்று டிரம்மையும் மூடி இறுக்கி வைத்தாயிற்று, திங்கட்கிழமை வண்டி வருகிறது. அந்த டியூபை நாலு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன், யாரும் மறுபடி எடுத்து வாயில் வைக்க முடியாது.