பெயர்த் தகடு இல்லாத பழைய லேத்: 12 மரைக்குப் பூட்டினால் 24 விழுகிறது

கேள்வி (மோல்மீன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா அரிசி ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுத்த லேத் (கடைசல் இயந்திரம்), பல மழைக்காலங்களாகக் கொட்டகையில் துருவேறிக் கிடந்தது. மூன்று மாதங்கள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்துப் பூட்டியதில் இப்போது நன்றாகச் சுழல்கிறது. ஆனால் கையேடும் இல்லை, கியர் அட்டவணையும் இல்லை. ஹெட்ஸ்டாக்கில் (கம்பியைச் சுழற்றும் தலைப்பகுதி) பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளைகளே மிஞ்சியிருக்கின்றன.

லீட் ஸ்க்ரூவின் (வெட்டும் கருவியை நகர்த்தும் நீண்ட மரைத் தண்டு) மேல் வெள்ளைத் தாளை அழுத்தி எடுத்து எண்ணெய்த் தடத்தை எண்ணினேன். அங்குலத்துக்கு 8 மரை இருந்தது. அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு முறை) போல்ட்டுக்கு 12 மரை வேண்டுமென்பதால், ஸ்டட்டில் (மாற்றுக் கியர் பூட்டும் குறுந்தண்டு) 40 பல் கியரையும் லீட் ஸ்க்ரூவில் 60 பல் கியரையும் பூட்டினேன். 24 மரை விழுந்தது. மூன்று கம்பிகள் வீணாகிவிட்டன. நான் எண்ணியதில் பிழையா?

பதில் (யாங்கோன்)

தம்பி, நீங்கள் எண்ணியதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. விழுந்த மரை சரியாக இரு மடங்காக இருப்பதால், ஸ்பிண்டில் (கம்பியைச் சுழற்றும் முதன்மைத் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஸ்டட் ஒரு சுற்றுதான் சுற்றுகிறது என்று நினைக்கிறேன். ஸ்பிண்டிலின் பின்முனையிலுள்ள கியரையும் ஸ்டட்டின் உட்புறக் கியரையும் எண்ணிப் பாருங்கள். நடுவிலுள்ள டம்ளர் கியர்கள் சுழலும் திசையை மட்டுமே மாற்றும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி கம்பியை வீணாக்காதீர்கள். சக்கில் (கம்பியைப் பிடிக்கும் பிடிப்பான்) சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஹாஃப் நட்டை (கருவித் தாங்கியை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பிளந்த நட்) பூட்டி, தளர்ச்சி தீரும்வரை சற்றுச் சுழற்றிய பிறகு, கையால் 12 சுற்றுச் சுற்றுங்கள். சேடில் (கருவியைத் தாங்கி நகரும் பகுதி) ஓர் அங்குலம் நகர்ந்தால் 12 மரை, அரை அங்குலமே நகர்ந்தால் 24 மரை.

பதில் (மோல்மீன்)

ஐயா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது: ஸ்பிண்டிலில் 25 பல், ஸ்டட்டில் 50 பல். சேடிலும் அரை அங்குலந்தான் நகர்ந்தது.

பதில் (யாங்கோன்)

அப்படியானால் லீட் ஸ்க்ரூவை 16 மரையாகக் கருதிக் கணக்கிடுங்கள். 16க்கு 12 என்றால் ஸ்டட்டில் 40, லீட் ஸ்க்ரூவில் 30. மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்காமல், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கருவியைப் பின்னிழுத்து, ஸ்பிண்டிலைக் கையாலேயே பின்னோக்கிச் சுழற்றுங்கள். இவ்வகைப் பழைய லேத்துகளில் சக் பெரும்பாலும் மரையால் பூட்டப்பட்டிருக்கும். மோட்டாரைத் திடீரென எதிர்த்திசையில் ஓட்டினால் அது கழன்று விழுந்து கையைப் பதம் பார்த்துவிடும்.

பதில் (தட்டோன்)

மில்லிமீட்டர் மரையும் வெட்ட வேண்டியிருந்தால் 127 பல் கியர் ஒன்று தேடி வையுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதன் ஐந்து மடங்கே 127. உங்கள் லேத்தில் ஸ்டட்டில் 120, லீட் ஸ்க்ரூவில் 127 பூட்டினால் 1.5 மி.மீ. மரை துல்லியமாகக் கிடைக்கும். இவ்வளவு பெரிய கியர்கள் மூடிக்குள் அடங்குமா என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பதில் (மோல்மீன்)

40க்கு 30 பூட்டினேன்; 12 சுற்றுக்குச் சேடில் சரியாக ஓர் அங்குலம் வந்தது, தாத்தா காலத்து நட்டும் புதிய மரையில் தடையின்றி ஏறியது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கியர் மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு மரைக்கும் உரிய கியர்களை வெள்ளைப் பெயின்ட்டால் எழுதத் தொடங்கிவிட்டேன்.