சிட்னிக்கு வரும் பெற்றோர் கடலிலும் பொது நீச்சல் குளத்திலும் இறங்குவது குறித்து

சிவகங்கைச் சீமை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகச் சிட்னிக்கு வந்து வென்ட்வொர்த்வில்லில் குடும்பத்தோடு வசிக்கிறேன். டிசம்பரில் என் பெற்றோர் வருகையாளர் விசாவில் இங்கே வருகிறார்கள். அப்பா கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தி வளர்ந்தவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் மோட்டார் அறையின் மேலேறிக் கிணற்றுக்குள் குதிப்பவர். பாண்டை கடற்கரையின் படங்களைப் பார்த்ததிலிருந்து அங்கே ஒரு முறையாவது நீந்திவிட வேண்டும் என்று தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சென்னை மெரினாவில் கால் நனைத்ததைத் தவிர அவருக்குக் கடலோடு பழக்கம் கிடையாது. அங்கேதான் குளிக்கக் காவல்துறை தடை விதித்திருக்கிறதே.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் பேத்தியோடு தண்ணீரில் நிற்க ஆசைப்படுகிறார். நீச்சலுடை அணிய மாட்டார். சுடிதாரோடு இறங்கினால் யாராவது தடுப்பார்களா, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்களா என்று கேட்கிறார். என் மகளுக்கு 7 வயதாகிறது. அவளைப் பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் விடுமுறையில் அவர்களுடையதாகிவிடும் என்பதால், அங்குள்ள நடைமுறைகளையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அலைவாய்

வணக்கம். சிட்னியின் தெற்குப் பகுதிக் கடற்கரை ஒன்றில் தன்னார்வலனாகக் காவல் நிற்பவன் என்ற முறையில், உங்கள் அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்வியில் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி அதுதான்.

நீச்சலே தெரியாதவர் பெரும்பாலும் முழங்காலளவுத் தண்ணீரோடு நின்றுவிடுவார். நன்றாக நீந்துவேன் என்ற நம்பிக்கையோடு கூட்டமில்லாத இடமாகப் பார்த்து இறங்குபவரைத்தான் நாங்கள் கண் இமைக்காமல் கவனிக்கிறோம். கிணற்று நீச்சல் ஆழத்தைப் பற்றிய அச்சத்தைப் போக்கும், மூச்சடக்கப் பழக்கும், அவையெல்லாம் நல்லவைதான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் ஆளை எங்கும் கொண்டுபோவதில்லை, நாலு வீச்சில் கைக்குச் சுவர் கிடைத்துவிடும். கடலில் அந்த இரண்டு வசதிகளும் இல்லை.

இங்கே ரிப் என்று அழைக்கப்படும் நீரோட்டத்தைப் பற்றி அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் மீண்டும் கடலுக்குப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே ஆழமான வாய்க்கால் போன்ற பகுதி எங்கே அமைகிறதோ, அதன் வழியாக அது மொத்தமாகத் திரும்பி ஓடுகிறது. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. ஆகவே இருபுறமும் வெள்ளை நுரை பொங்கிக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் கருத்த, அமைதியான ஒரு பட்டை தெரியும், புதிதாக வருபவர் "அலை இல்லாத இடம்" என்று நேராக அதில்தான் இறங்குவார். உற்றுப் பார்த்தால் நுரையும் கலங்கிய மணலும் கரையை விட்டு உள்ளே போய்க்கொண்டிருப்பது தெரியும். ரிப் ஆளை அடியில் அமுக்குவதில்லை, கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோகிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் களைத்துப் போய்த்தான் மூழ்குகிறார். அகப்பட்டவர் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலைகளோடு கரை சேரலாம்.

பாண்டையில் இது ஏட்டுச் செய்தி அல்ல. அதன் தென்முனையில் நிரந்தரமாகவே ஒரு ரிப் உண்டு. பேருந்தை விட்டு இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் அருகில் இருக்கிறது என்று அங்கேயே இறங்கி மாட்டிக்கொள்வதால், அதற்குப் "பேக்பேக்கர்ஸ் ரிப்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அபாயத்தை 10க்கு மதிப்பிடும் அளவுகோலில் பாண்டையின் வடமுனைக்கு 4, தென்முனைக்கு 7. அதே கடற்கரையில் 1938 பிப்ரவரி 6 அன்று அடுத்தடுத்து வந்த பேரலைகள் மணல் திட்டில் நின்றிருந்த கூட்டத்தை வாரிக்கொண்டு போயின. சுமார் 250 பேரை மீட்டார்கள், 5 பேர் இறந்தார்கள். அன்றைக்குப் பெருமளவில் மீட்பர்கள் கரையில் இருந்ததால்தான் எண்ணிக்கை அதோடு நின்றது.

ஆகவே விதி மிக எளியது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருக்கும் இடத்தில், அவற்றுக்கு நடுவில் மட்டுமே இறங்க வேண்டும். நம் ஊரில் கொடி என்றால் திருவிழா அல்லது கட்சி, இங்கே அது அன்றைய கடலைக் காலையில் பார்த்து ஆராய்ந்தவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தின் எல்லை. கடலின் போக்கு மாறினால் கொடிகளையும் இடம் மாற்றுவார்கள். நேற்று நீந்திய இடம்தானே என்று இன்றும் அங்கேயே போகக் கூடாது. முழுச் சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. கறுப்பு வெள்ளைக் கொடிகள் அலைச்சறுக்குக்காரர்களின் பகுதியைக் குறிப்பவை. கொடியே இல்லையென்றால் காவலே இல்லை என்று பொருள். 2024 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் பிலிப் தீவில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்த இந்திய வம்சாவளியினர் நால்வரும், காவல் இல்லாத ஃபாரஸ்ட் கேவ்ஸ் கடற்கரையில்தான் நீரில் அகப்பட்டார்கள். எந்தக் கடற்கரையில் எப்போது காவல் உண்டு என்பதைப் "பீச்சேஃப்" செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சுறாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்த நாட்டில் ரிப் கொல்லும் அளவுக்குச் சுறா கொல்வதில்லை.

கேணியடி

தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி இன்னும் எவரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

உடல் முழுவதையும் மூடும் உடையில் இறங்குவதை இங்கே எவரும் தடுப்பதில்லை. புர்கினி என்ற முழுநீள நீச்சலுடையை 2004இல் உருவாக்கிய அகேடா சனெட்டி சிட்னியைச் சேர்ந்தவர்தான். வெயிலின் கொடுமையால் சின்னப் பிள்ளைகள் முதல் வயதானவர்கள் வரை "ராஷி" என்ற முழுக்கை நீச்சல் சட்டை அணிந்து நீந்துவது இங்கே நாளாந்தக் காட்சி. அம்மா அதே துணியில் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரையிலான கால்சட்டையும் அணிந்து, மேலே தளர்வான நீச்சல் மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டால் அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2005இல் குரோனுல்லா கடற்கரையில் இனக் கலவரம் நடந்த நகரம்தான் இது. ஆனால் நான் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய்வரும் இத்தனை காலத்தில், உடையைக் காட்டி எங்களை ஒருவர் ஏசியதில்லை.

பருத்திச் சுடிதார் மட்டும் வேண்டாம். மானம் மரியாதைக்காகச் சொல்லவில்லை. நனைந்த பருத்தி கனத்துக் காலைச் சுற்றும், துப்பட்டா அலையில் கழுத்தைச் சுற்றும். நீச்சல் குளங்களில் பருத்தி ஆடைக்கும், கால்சட்டைக்குள் உள்ளாடை அணிந்து இறங்குவதற்கும் பெரும்பாலும் அனுமதியில்லை.

ஆண்கள் இல்லாத இடம்தான் வேண்டும் என்றால் கூஜி கடற்கரைக்குத் தெற்கே பாறை விளிம்பில் மெக்கைவர்ஸ் லேடீஸ் பாத்ஸ் இருக்கிறது. கடல் நீர் வந்து நிரம்பும் பாறைக் குளம் அது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் மட்டும் பாவித்து வருவது. பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து 1995இல் அதற்கு விலக்கும் பெற்றார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் பெண்களுக்கென்று தனிக் கேணி இருப்பதைப் போலத்தான், நான் முதன்முதலில் போனபோது எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. கரையோரப் படிகள் செங்குத்தானவை, பாசியும் பிடித்திருக்கும். அம்மாவுக்கு முழங்கால் நோவு இருந்தால் யோசித்து அழைத்துச் செல்லுங்கள். மேற்குச் சிட்னியின் சில நகரசபைக் குளங்களிலும் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குகிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.

குளத்துக்குப் போவதென்றால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகவேண்டாம் என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறங்குமுன் சவர்க்காரம் போட்டுக் குளிக்கச் சொல்வார்கள், தேங்காயெண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதப்பதை எவரும் விரும்புவதில்லை. உடை மாற்றும் அறையில் மற்றப் பெண்கள் கூச்சமின்றித் திறந்த இடத்தில் உடை மாற்றுவார்கள், அம்மா திகைக்கக் கூடாது. கதவுள்ள சிறு அறைகளும் குடும்ப அறையும் இருக்கும். அங்கே கைத்தொலைபேசியை வெளியில் எடுக்கவே கூடாது. பேத்தியைப் படம் பிடிப்பதற்குக்கூட. வயிற்றுப்போக்கு வந்தவர்கள் அது நின்ற பின்னும் இரண்டு வாரம் குளத்தில் இறங்கக் கூடாது என்பதும் இங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. ஊரிலிருந்து வந்திறங்கும் பெரியவர்களுக்கு முதல் வாரத்திலேயே வயிறு குழம்புவது வழமை, கவனித்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கைச் சீமை

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் ரிப்பைப் பற்றிச் சொன்னேன். "பேசாமல் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா அவ்வளவு தூரம் வருகிறேன்?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்குக் கடலே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒருவேளை மீட்கப்பட நேர்ந்தால் கட்டணம் உண்டா, விசாவுக்குச் சிக்கல் வருமா என்று அம்மா பயப்படுகிறார்.

பாரமேட்டா மருதன்

வேண்டாம் என்று தடுத்தால் அவர் உங்களுக்குத் தெரியாமல் போவார். அந்தத் தலைமுறையின் சுபாவம் அது. அலைவாய் அவர்கள் எழுதியது முழுக்கச் சரி என்றாலும், கிணற்று நீச்சல்காரர்களைக் கடற்கரையிலிருந்தே விலக்கிவைக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை.

முதலில் பாரமேட்டாவின் புதிய நீச்சல் வளாகத்துக்கு, அல்லது உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள வேறெந்தக் குளத்துக்காவது அழைத்துச் சென்று, 50 மீட்டரை நிற்காமல் நீந்த முடிகிறதா என்று பாருங்கள். தலையைத் தூக்கிவைத்துக் கையால் அடித்து நீந்தும் நம் ஊர்ப் பாணியில் பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கும். அதை நாம் எடுத்துச் சொல்வதைவிடக் குளமே சொல்வது நல்லது. ஒவ்வொரு தடத்துக்கும் மெதுவாக, நடுத்தரம், வேகமாக என்று பலகை வைத்திருப்பார்கள். மெதுவான தடத்தில், சாலையில் போவது போலவே இடப்பக்கமாகச் சென்று மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். நடுவில் நின்று பேசக் கூடாது. உங்கள் மகள் இறங்கும்போது பெரியவர் ஒருவர் பார்வையை எடுக்காமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். லைஃப்கார்டு இருக்கிறாரே என்று தாத்தா செய்தித்தாளை விரித்தால் அவரே வந்து கண்டிப்பார்.

அதன் பிறகு கடல். பாண்டைக்கு முன்பு பால்மோரலுக்கு அழைத்துச் செல்லுங்கள். துறைமுகத்துக்குள் இருப்பதால் பேரலை இல்லை, வலையடைத்த பகுதியும் உண்டு. கடலின் உப்பும் குளிர்ச்சியும் வேண்டும், ரிப் வேண்டாம் என்பவர்களுக்குப் பிரான்டி கடற்கரையில் இருப்பது போன்ற கடலோரப் பாறைக் குளங்களை விட ஏற்ற இடம் சிட்னியில் இல்லை என்பது என் கருத்து. அலை மதிலைத் தாண்டி விழும் நாட்களில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடைசியாகப் பாண்டையின் வடபாதியில், கொடிகளுக்கு நடுவில், நீங்களும் பக்கத்தில் நிற்க, இடுப்பளவுத் தண்ணீரில் ஆசை தீரக் குளிக்கட்டும். அப்படியும் முரண்டு பிடித்தால், 1967 டிசம்பர் 17 அன்று செவியட் கடற்கரையில் நீந்தப் போய்த் திரும்பாத ஹரால்ட் ஹோல்ட் இந்த நாட்டின் பதவியிலிருந்த பிரதமர், நீச்சலில் தேர்ந்தவர், உடல்கூடக் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். என் மாமனாரிடம் அது வேலை செய்தது.

வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் புளூபாட்டில் என்ற நீல நிறச் சொறிமுட்டைகள் கரை ஒதுங்கும். பட்டால் தீப்பட்டது போல் எரியும். தேய்க்காமல் கடல் நீரால் அலசிவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும். வினிகர் வடக்கே குயின்ஸ்லாந்துப் பக்கத்துக் கொடிய ஜெல்லி மீனுக்கு உரியது, இதற்கு அதை ஊற்ற வேண்டாம்.

அலைவாய்

மருதன் அவர்களின் வரிசையை நான் ஏற்கிறேன். அம்மாவின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கடலிலிருந்து மீட்பதற்கு இங்கே கட்டணம் கிடையாது, விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெட்கத்தாலோ செலவுக்குப் பயந்தோ கையை உயர்த்தாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆம்புலன்ஸில் ஏற்றினால் அதற்குக் கட்டணம் உண்டு. பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் அது அடங்குகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேத்தியோ மனைவியோ நீரில் தத்தளிப்பதைக் கண்டால் உங்கள் அப்பா யோசிக்காமல் குதிப்பார் என்று தோன்றுகிறது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவராக மூழ்கும் நிகழ்வுகள் இங்கே அடிக்கடி நடப்பதால், முதலில் லைஃப்கார்டை அழைக்கவும், அவர் இல்லாவிட்டால் 000க்கு அழைத்துவிட்டு மிதக்கும் பொருள் எதையாவது, ஐஸ் பெட்டியின் மூடியையாவது, எறியவும் சொல்லிவையுங்கள். வெறுங்கையோடு இறங்கக் கூடாது.

பெருமழை பெய்தால் மழைநீர் வடிகால்கள் எல்லாம் கடலில் கலக்கும். திறந்த கடற்கரையில் ஒரு நாளும், பால்மோரல் போன்ற துறைமுகக் கரைகளில் மூன்று நாட்களும் இறங்க வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் நாளை மாற்றிக்கொள்ளும்படி இரண்டு வார இறுதிகளையாவது கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.