புதுப்பிப்பு: மாமரங்களுக்குக் கடற்பாசிச் சாறு தெளித்ததில் கண்டவை

எங்கள் கிருஷ்ணகிரித் தோட்டத்துப் பெங்களூரா வகை மாமரங்களுக்கு, இராமநாதபுரம் கடலோரத்தில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியின் சாற்றைத் தெளிக்கலாமா என்று பூக்கும் பருவத்தில் கேட்டிருந்தேன், அறுவடை முடிந்துவிட்டது. பூங்கொத்து வெளிவந்தபோதும் பிஞ்சு பட்டாணி அளவில் இருந்தபோதும் தெளித்த மரங்களில், தெளிக்காமல் விட்ட பக்கத்து வரிசையைவிட உதிர்வு கண்கூடாகக் குறைந்தது. காய்களும் சீரான பருமனில் இருந்தன. கிணற்றை ஒட்டிய மரங்களுக்கு ஈரம் கூடுதல் என்பதால் அவற்றை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. இனிப்பில் வேறுபாடு தெரியவில்லை.

இந்தச் சாறு ஓர் உயிர் ஊக்கி. உயிர் ஊக்கி என்பது மரம் சத்தை ஏற்கும் திறனையும் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றலையும் தூண்டுவதே தவிர, தொழுவுரத்துக்கோ பொட்டாஷுக்கோ ஈடாகாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2021ஆம் ஆண்டில் உயிர் ஊக்கிகள், உரங்களின் தரத்தையும் விற்பனையையும் முறைப்படுத்தும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே புட்டியின் மேலுள்ள விவரங்களைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.