அலாங்கில் வாங்கிய பிரஷர் கேஜ்: இது எந்தக் கப்பலுடையது?

உப்பளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா தூத்துக்குடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். 2004-ல், பழைய லேத் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, குஜராத்தில் கப்பல் உடைக்கும் அலாங்குக்குப் போனார். லேத் அமையவில்லை. பித்தளைச் சட்டம் போட்ட ஒரு பிரஷர் கேஜை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பி வந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம். அளவு பவுண்டில். முகப்பில் ஆங்கிலத்தில் ‘மெயின் ஸ்டீம்’ என்று எழுதியிருக்கிறது. விற்றவர் ‘அப்பல்லான்’ என்ற கப்பலில் இருந்து கழற்றியது என்றாராம். பக்கத்துக் கடைக்காரர் ‘அது அமெரிக்காவின் கார்னிவல் கப்பல்’ என்றாராம்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. ஆயுத பூஜைக்குப் பட்டறையைச் சுத்தம் செய்யும்போது கேஜ் மறுபடி கைக்கு வந்தது. நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அப்பல்லான் என்று தேடினால் ‘மார்டி கிரா’ என்கிறது, அதைத் தேடினால் ‘எம்ப்ரஸ் ஆஃப் கனடா’ என்கிறது. கனடா மகாராணி எப்படிக் கார்னிவல் கப்பல் ஆனாள்? இந்தக் கார்னிவல் கம்பெனி எப்படித் தொடங்கியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொதிகலன் எழுதியது:

தம்பி, நான் நீராவி டர்பைன் ஓடிய எண்ணெய்க் கப்பலில் ஜூனியராக ஏறி, டீசல் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இறங்கியவன். உல்லாசக் கப்பலில் வேலை பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து நீராவிக் கப்பல்கள் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகாராணி பிறந்தது இங்கிலாந்தில், டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்ற இடத்தில் இருந்த விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் கப்பல் கட்டும் தளத்தில். 1960-ல் தண்ணீரில் இறக்கினார்கள். 1961 ஏப்ரலில் லிவர்பூலில் இருந்து கனடாவுக்கு முதல் ஓட்டம். 27,000 டன்னுக்குக் கொஞ்சம் மேல், 650 அடி நீளம். முதலாளி கனடியன் பசிபிக், ரயில் ஓட்டும் அதே கம்பெனிதான். பாவம், தப்பான நேரத்தில் பிறந்த கப்பல். அட்லாண்டிக்கை ஆறேழு நாளில் கடப்பதற்கென்று கட்டியதை, ஜெட் விமானம் ஆறேழு மணி நேரத்தில் கடக்க ஆரம்பித்துவிட்டது. பத்து வருடம் தாக்குப்பிடித்து, 1971 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது மியாமிக்கு வாருங்கள். அங்கே டெட் அரிசன் என்று ஒருவர், டெல் அவிவில் பிறந்தவர். அறுபதுகளில் ஓர் இஸ்ரேலியக் கப்பலை வைத்து மியாமியில் உல்லாசப் பயணச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். கப்பல்காரர்கள் கடனில் மூழ்கியதால் கப்பல் கையை விட்டுப் போய்விட்டது. சீட்டு வாங்கிய ஆட்கள் இருக்கிறார்கள், ஏற்றக் கப்பல் இல்லை. அதே நேரம் நார்வேயில் க்னுட் க்ளோஸ்டர் என்பவரிடம் ‘சன்வார்ட்’ என்ற புத்தம்புதுக் கப்பல் இருக்கிறது, ஏற்ற ஆள் இல்லை. சவுத்தாம்ப்டனில் இருந்து ஜிப்ரால்டருக்கு ஓட்டக் கட்டியது அது. ஸ்பெயின் சர்வாதிகாரி ஃப்ராங்கோ ஜிப்ரால்டர் எல்லையில் கெடுபிடி செய்ததில் அந்தத் தடமே படுத்துவிட்டது. அரிசன் போன் போட்டார், சன்வார்ட் மியாமிக்கு வந்தது. 1966 டிசம்பரில் முதல் பயணம். அதுதான் நார்வீஜியன் கரீபியன் லைன். இன்றைய கரீபியன் கப்பல் வியாபாரமே அந்த ஒரு போனில் முளைத்தது என்பேன் நான்.

1971-ல் இருவருக்கும் பணத்தகராறு வந்து பிரிந்தார்கள். அரிசனிடம் மறுபடி சீட்டு விற்கும் திறமை உண்டு, கப்பல் இல்லை. பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் டிராவல் சர்வீஸ் என்ற சுற்றுலாக் கம்பெனியைப் பின்னால் வைத்துக்கொண்டு, வேலையில்லாமல் நின்ற நம் மகாராணியை 65 லட்சம் டாலருக்கு வாங்கினார். பெயர் மார்டி கிரா ஆனது. அந்தப் புதுக் கம்பெனிதான் கார்னிவல்.

1972 மார்ச். முதல் பயணம். கப்பலில் பயணிகளோடு சுமார் 300 டிராவல் ஏஜென்ட்டுகள், ‘பார்த்துவிட்டு நாலு பேருக்குச் சொல்லுங்கள்’ என்று அழைத்து வந்தவர்கள். மியாமி துறைமுகத்து வாய்க்காலைத் தாண்டும்போதே கப்பல் மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அசையவில்லை. கடற்கரையில் குளிக்க வந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. மது பரிமாறும்போது ஐஸ் போட்டுக் கொடுப்பதையும் பாறையில் மோதுவதையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்வார்கள் அல்லவா? ‘மார்டி கிரா ஆன் த ராக்ஸ்’ என்று ஒரு பானமே அந்த ஊரில் கிண்டலாக ஓடியதாம். நான் அந்த இன்ஜின் அறையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மணலில் உட்கார்ந்த நீராவிக் கப்பலில் முதல் கவலை கண்டென்சர். கடல் தண்ணீரை உள்ளே இழுத்துத்தான் நீராவியைக் குளிர்விக்க வேண்டும். அடியில் இருந்து மணலும் சேறும் கூடவே ஏறிவரும். மேலே பாட்டும் கூத்துமாக இருந்திருக்கும், கீழே ஒருவன் வால்வைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் நின்றிருப்பான்.

வியாபாரப் புத்தகங்களில் அரிசனைப் பெரிய மேதை என்று தூக்கி வைப்பார்கள். நான் பார்த்தவரை, கையில் காசில்லாததுதான் அந்தக் கம்பெனியின் மூளை. புகைபோக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடியன் பசிபிக் 1968-ல் ஒரு புதுச் சின்னம் கொண்டுவந்தது, அரைவட்டமும் முக்கோணமுமாக, பச்சையில். கார்னிவல் புதிதாக வேறு வரையவில்லை. அதே வடிவத்தை வைத்துக்கொண்டு சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிவிட்டார்கள். இன்றைக்கும் கார்னிவலின் சின்னம் அதுதான். முழுக்கச் செப்பனிட நேரமும் இல்லை, பணமும் இல்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும்போதே வேலை நடந்தது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் எண்ணெய் போடக் காசில்லாமல், பார் கல்லாவில் இருந்ததை எடுத்துக் கொடுத்ததாக ஒரு கதையும் சொல்வார்கள்.

அப்புறம் 1973 வந்தது. பீப்பாய் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்துக்குக் கட்டிய நீராவிக் கப்பல் எண்ணெயைக் குடிக்காது, கவிழ்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு வசதி உண்டு. கப்பலுக்குத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறி இறங்கும். 20-ஐ 15 ஆக்கினால் சக்தி பாதிக்கும் கீழே வந்துவிடும். எண்ணெய்ச் செலவு அதே அளவுக்குக் குறையாது, ஆனாலும் நன்றாகவே குறையும். மெதுவாக ஓட்டினார்கள். மெதுவாக ஓடினால் ஒரு வாரத்தில் பார்க்கும் துறைமுகங்கள் குறையும், நடுக்கடலில் கிடக்கும் நேரம் கூடும். மற்றவன் இதை மறைத்திருப்பான். விற்பனையைப் பார்த்துக்கொண்ட பாப் டிக்கின்சன் இதையே விளம்பரமாக்கினார்: ஊர் பார்ப்பதற்காக ஏற வேண்டாம், கப்பலுக்காகவே ஏறுங்கள். ‘ஃபன் ஷிப்’ என்று பெயர். போட்டிக் கப்பல்கள் சின்னவை, அட்லாண்டிக்குக்குக் கட்டிய இதில் இடம் தாராளம். சூதாட்டக்கூடம், ஆட்டம், பாட்டு எல்லாவற்றையும் விரித்துப் போட முடிந்தது.

1974-ல் பாஸ்டன்காரர்கள் போதும் சாமி என்று விலகினார்கள். அரிசன் கொடுத்த விலை ஒரு டாலர். கூடவே 50 லட்சம் டாலர் கடன் தலையில் ஏறியது. அதற்கப்புறம்தான் லாபம். 1975 கடைசியில் இரண்டாவது கப்பல் கார்னிவேல், 1978-ல் மூன்றாவது ஃபெஸ்டிவேல். மூன்றுமே கனடியன் பசிபிக்கின் பழைய நீராவிக் கப்பல்கள்.

உங்கள் கேஜ் விஷயம்: மார்டி கிரா 1993 வரை கார்னிவலில் ஓடியது. பிறகு கை மாறிக் கை மாறி, கடைசியில் கிரேக்கக் கம்பெனி ஒன்றிடம் அப்பல்லான். 2003 டிசம்பரில் அலாங் கரையேறியது. 2004-ல் வாங்கியது என்றால் காலம் பொருந்துகிறது.

---

கடற்காகம் எழுதியது:

கொதிகலன் ஐயா, அருமை. ஒரு திருத்தம் மட்டும். மூன்றும் கனடியன் பசிபிக் அல்ல, முதல் இரண்டு மட்டும்தான். கார்னிவேல் என்பது 1956-ன் எம்ப்ரஸ் ஆஃப் பிரிட்டன், மார்டி கிராவுக்கு அக்கா. கிளைட் ஆற்றில் ஃபேர்ஃபீல்ட் தளத்தில் கட்டியது. எலிசபெத் மகாராணியே வந்து தண்ணீரில் இறக்கினார். 1964-ல் கிரீக் லைனுக்குப் போய் ‘குயின் அன்னா மரியா’ ஆகி, அவர்கள் நொடித்தபோது அரிசன் வாங்கினார். பிரிந்த அக்காவும் தங்கையும் மியாமியில் சேர்ந்தார்கள்.

ஃபெஸ்டிவேல் வேறு குடும்பம். யூனியன்-காசில் கம்பெனியின் டிரான்ஸ்வால் காசில். ஜான் பிரவுன் தளம், 1962-ல் முதல் ஓட்டம். சவுத்தாம்ப்டனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தபால் கொண்டுபோன கப்பல். பிறகு எஸ்.ஏ. வால் என்று பெயர் மாறியது. கார்னிவல் வாங்கி ஜப்பானின் கோபேயில் பெரிய அளவில் மாற்றிக் கட்டினார்கள்.

கேஜ் பற்றி ஒரு சந்தேகம் கிளப்புகிறேன், கோபிக்க வேண்டாம். ஃபெஸ்டிவேலும் ‘பிக் ரெட் போட் 3’ என்ற பெயரில் அலாங்குக்கு வந்தது அதே 2003-ல்தான். அதுவும் பிரிட்டனில் கட்டிய நீராவிக் கப்பல், அதிலும் அளவெல்லாம் பவுண்டுதான். இரண்டின் சாமான்களும் ஒரே சாலையோரக் கடைகளில் குவிந்திருக்கும். பவுண்டு கணக்கை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. அக்கா கார்னிவேல் கணக்கில் வரமாட்டாள். ‘டோபாஸ்’ என்ற பெயரில் ஜப்பானின் பீஸ் போட் பயணங்களுக்கெல்லாம் ஓடிவிட்டு 2008-ல்தான் அதே கரைக்கு வந்தாள். க்ளோஸ்டர் 1979-ல் வாங்கிய பழைய ‘ஃபிரான்ஸ்’ கப்பல்கூட ‘ப்ளூ லேடி’ என்ற பெயரில் அங்கேதான் உடைபட்டது. அதற்கு நம் உச்சநீதிமன்றம் வரை வழக்குப் போனது பலருக்கு நினைவிருக்கும்.

---

மூன்றாம்தளம் எழுதியது:

நான் ஒரு உல்லாசக் கப்பலில் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவெரல் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றபோது பக்கத்தில் புது மார்டி கிரா நின்றது. ஆமாம், அதே பெயரில் புதிது கட்டிவிட்டார்கள். 2021 ஜூலையில் இருந்து ஓடுகிறது, 1,80,000 டன். எல்என்ஜி எரிவாயுவில் ஓடுவது. மேல்தளத்தில் ரோலர் கோஸ்டர் வேறு. பழையதைப் போல ஆறரை கப்பலை அதற்குள் அடைக்கலாம்.

எனக்குப் பிடித்தது புகைபோக்கிதான். திமிங்கில வால் மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். எங்கள் போசன் (மேல்தள ஆட்களின் மேஸ்திரி) அதைக் காட்டி, “பின்தளத்துக் குளத்தில் குளிக்கிறவன் தலையில் கரி விழக்கூடாது, அதற்குத்தான்” என்றார். கொதிகலன் ஐயா, அது உண்மையா?

---

கொதிகலன் எழுதியது:

கடற்காகம் சொன்னது சரி. யூனியன்-காசிலை மறந்தது என் தப்பு, வயசாகிறது.

மூன்றாம்தளம் தம்பி, உங்கள் போசன் சொன்னதும் சரிதான். அந்த வால் முதலில் வந்தது டிராபிகேலில். டென்மார்க்கின் ஆல்போர்க்கில் கட்டி 1982-ல் ஓட ஆரம்பித்த கப்பல், கார்னிவல் தனக்கென்று புதிதாகக் கட்டிய முதல் கப்பல். வரைந்தவர் ஜோ ஃபார்கஸ். புகையை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டால் நடுத்தளத்தில் கரி விழாது. பத்து வருடத்துக்கு முன்னால் எண்ணெய்க்குக் காசில்லாமல் நின்ற கம்பெனி, சுமார் 10 கோடி டாலர் போட்டுப் புதுக் கப்பல் கட்டியது. அதில் டீசல் இன்ஜின். நல்ல இன்ஜின்தான், ஒன்றும் குறையில்லை. ஆனால் டர்பைன் அறையின் அந்தச் சீரான ரீங்காரம் டீசலில் வராது. எங்களுக்கெல்லாம் டீசல் அறை லாரி ஷெட் மாதிரி.

உப்பளத்தான் தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். கேஜின் பின்பக்கம், சுவரில் பதியும் விளிம்பைப் பாருங்கள். மெயின் ஸ்டீம் கேஜ் கண்ட்ரோல் மேடையில் வரிசையாகப் பதித்திருக்கும், ஒவ்வொரு முறை பெயின்ட் அடிக்கும்போதும் விளிம்பில் ஒரு பட்டை சேரும். சிலசமயம் கழற்றிய ஃபிட்டர் எந்த இடத்துக்கு உரியது என்று ஆணியால் கீறி வைத்திருப்பான். கப்பல் பெயரின் முதல் எழுத்தே கிடைத்தாலும் கிடைக்கும். தயவுசெய்து பிரஷோ, புளி எதையும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

---

உப்பளத்தான் எழுதியது:

ஐயா, எல்லோருக்கும் நன்றி. அப்பா இருந்தால் இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லியிருப்பார்.

ஒரு சின்னச் சிக்கல். நேற்றே அம்மா புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். முன்பக்கம் தங்கம் மாதிரி மின்னுகிறது. பின்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கை எட்டவில்லை போல, அங்கே வெளிர்பச்சை, அதற்கு அடியில் க்ரீம், அதற்கு அடியில் ஏதோ சாம்பல் நிறம். கீறல் ஒன்றும் இருக்கிறது. வளைந்த கோடு மாதிரி. சி-யா, ஓ-வா என்று தெரியவில்லை, நாளை வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.

நாளைக்குப் பூஜை. சந்தனம் குங்குமம் வைக்கலாமா?

---

கொதிகலன் எழுதியது:

தாராளமாக வையுங்கள். கண்ணாடி மேல் மட்டும் வேண்டாம், ஊசி மறையும்.