புதுப்பிப்பு: தம்பியின் சிறுநீரகத் திசுப் பரிசோதனை (பயாப்ஸி) முடிவு வந்துவிட்டது

தொண்டை வலி வந்தால் அடுத்த நாளே தம்பிக்குச் சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது, சர்க்கரை நோய் இல்லாதவனுக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏன் ஏறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயாம். 1968-இல் பாரிஸில் ஜான் பெர்ஜே விவரித்த நோய்.

தொண்டை, குடல் சவ்வுகளைக் காக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் இவர்களுக்குக் காலக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்து உருவாகிறது. உடல் அதையே அந்நியமாக எண்ணி இன்னொரு எதிர்ப்பொருளைச் செய்கிறது. இரண்டும் பிணைந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிகின்றன. அப்புறம் காம்ப்ளிமென்ட் எனும் ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் அழற்சியைக் கிளப்ப, அந்த இடம் மெல்ல மெல்லத் தழும்பாகிறது. கிருமி சிறுநீரகத்தை எட்டவே வேண்டியதில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயம் கொடுக்கச் சொல்லிச் சிலர் அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், இங்கே அந்தச் சக்திதான் சொந்த உறுப்பைத் தாக்குகிறது.

இப்போதைக்கு ராமிப்ரில் (ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் கசியும் புரதத்தையும் குறைக்கும் மாத்திரை), உப்புக் குறைப்பு. வலி மாத்திரைகள் அறவே கூடாது. சில மாதங்களில் சிறுநீர்ப் புரதம் இறங்காவிட்டால் ஸ்டீராய்டு பற்றி முடிவெடுப்பார்கள். பல வருடங்கள் நிலையாக இருப்பவர்களும் உண்டு என்று மருத்துவர் சொன்னதில் அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது.