எழுத்து பொறித்த பழைய ஹோட்டல் பீங்கான்: உங்களுக்குக் கிடைத்தது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடுபவர்கள் செட்டிநாட்டுத் தூண்களையும் ஸ்வீடன் எனாமல் பாத்திரங்களையும்தான் முதலில் பார்ப்பார்கள். நான் கேட்பது அடுக்கின் அடியில் கிடக்கும் தடித்த வெள்ளைப் பீங்கானை. மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போவதே அதற்காகத்தான்.

சென்ற மாசியில் ஒரு சாஸர் கிடைத்தது. நடுவில் எஸ்.ஐ.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், பின்புறம் இங்கிலாந்துத் தயாரிப்பு என்ற முத்திரை, விளிம்பில் நகக்கண் அளவு உடைசல். "உடைந்த சாமான் எதற்குத் தம்பி? முழுதாக இருப்பதைப் பாருங்கள்" என்று கடைக்காரர் ரோஜாப்பூ போட்ட கோப்பைகளை எடுத்து வைத்தார். அழகானவைதான். ஆனால் அவை எந்த ஊரில், யார் மேஜையில் இருந்தன என்று எப்படித் தெரியும்?

எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே. அது 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டது. அதன் எழுத்துகளைப் பொறித்துத் தரச் சொல்லி அதற்குப் பிறகு யார் ஆர்டர் கொடுத்திருப்பார்கள்? எழுத்துகளை அச்சிட்டு, அதன்மேல் மெருகு பூசிச் சுட்டிருந்ததால் கரண்டிக் கீறல் எதுவும் அவற்றைத் தொடவில்லை. அந்த உடைசலைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். உயர்ந்த வெப்பத்தில் நன்றாகச் சுட்ட ஹோட்டல் பீங்கான் நீரை உறிஞ்சுவதில்லை. இத்தனை காலம் தேநீர் பட்டும் உடைந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. சாதாரண மண் பீங்கானாக இருந்தால் பழுப்பேறியிருக்கும். முழுச் சாஸரில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

*

அண்ணா, உடைசலைப் பற்றி நீங்கள் சொன்னது மிகவும் சரி. என்னிடம் இருப்பவை வேறு வகை. மேலமாசி வீதிப் பக்கம் மூடப்பட்ட ஒரு சாப்பாட்டுக் கடையின் கோப்பைகள், மாமியார் வழியாக வந்தவை. பெயரை மெருகுக்கு மேலே பொன்னெழுத்தில் போட்டிருக்கிறார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன் போய்விட்டது. ஆனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், எழுத்து இருந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும்; ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிடலாம். வெறும் வெள்ளைக் கோப்பை என்று ஒதுக்குமுன் இப்படி ஒருமுறை பாருங்கள். நார் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், பஞ்சும் வெறும் தண்ணீரும் போதும். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், ரசம், மோர் போன்ற புளிப்பானவற்றை அவற்றில் ஊற்றாதீர்கள்.

*

நன்றி அம்மா. என்னிடம் இருக்கும் வெள்ளைக் கோப்பைகளை இன்றே ஜன்னலருகே எடுத்துப் பார்க்கிறேன். எஸ்.ஐ.ஆர். சாஸருக்கு இணையான கோப்பை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கைப்பிடி போயிருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.